பிரான்ஸில் மொத்தம் நான்கு பேர்

உத்திராபதி என்பது பிரான்ஸ் நாட்டின் மிக அரிய குடும்பப்பெயர்களில் ஒன்று என்று இணையத்தில் ஒரு பக்கம் சொல்கிறது. தோற்றம்: வட பிரான்ஸின் பழைய குறுநிலப் பிரபுக்கள் குடியாக இருக்கலாம். பொருள்: உறுதியான மனமும் கலை உள்ளமும் கொண்டவர். பரவல்: பிரான்ஸ் முழுவதும் நான்கு பேர்.

அந்த நான்கு பேரும் லியோன் நகரத்தில் ஒரே அடுக்குமாடி வீட்டில், ஒரே ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டு வாழ்கிறார்கள். ராஜ்கமல், அவன் மனைவி அருள்மொழி, பையன் நிலவன், பெண் ஆதிரை. குறுநிலப் பிரபுவான உத்திராபதி, ராஜ்கமலின் அப்பா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். உறுதியான மனம் உண்டு. கலை உள்ளம் பற்றி அலுவலகத்தில் யாரும் புகார் சொன்னதில்லை.

இந்த வம்சம் பிறந்த இடம் கடலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நூருல் அமீன் நடத்தும் டிராவல்ஸ் கடை. ராஜ்கமல் மேல்படிப்புக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க வந்தான். நம் ஆட்களுக்கு ஒரு பெயர் இருக்கும், அதற்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். குடும்பப்பெயர் என்று தனியாக எதுவும் வைத்துக்கொண்டதில்லை, அதனால் எந்தக் குடும்பமும் கெட்டுப்போனதும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் வெளிநாட்டில் தொல்லை என்பது நூருல் அமீனின் அனுபவம். இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டார். டீ வந்தது, குடித்தார்கள், கிளம்பினார்கள். பிறகு ராஜ்கமல் பிரான்ஸில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அருள்மொழியைக் கட்டிக்கொண்டு போய், குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் பெற்றான். கட்டத்தில் போட்ட அப்பா பெயர் பிள்ளைகளின் தலையிலும் மருமகளின் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

லியோனில் பல் மருத்துவரின் வரவேற்பறையில் அருள்மொழியை 'மதாம் உத்திராபதி' என்று கூப்பிடுவார்கள். மாமனார் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று அவள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பாள். இதைக் கேட்டபோது உத்திராபதிக்கு உண்டான ஆனந்தம் பணி ஓய்வு நாளில் போட்ட மாலையில்கூட உண்டாகவில்லை.

இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் நூருல் அமீன்தான். தமாஷுக்குச் சொன்னார். உத்திராபதி அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் காட்ட ஆரம்பித்தபோதுதான், தமாஷ் கைமீறிப் போனது அவருக்குப் புரிந்தது.

"மாமா, அது கம்ப்யூட்டர் தானா எழுதுறது. எந்தப் பேர அடிச்சாலும் உறுதியான மனசு, கலை உள்ளம்னுதான் வரும். நான் 'பஜ்ஜி'ன்னு அடிச்சிப் பாத்தேன். அதுவும் பிரபு வம்சம்தான். இத்தாலியில கொஞ்சம் பேரு இருக்காங்களாம்."

"ஒனக்குப் பொறாம மச்சான்."

"எனக்கு எதுக்குப் பொறாம. உண்மையச் சொல்லணும்னா ஒங்க பாஸ்போர்ட்ல ஒங்க குடும்பப்பேரு சடையப்பன். ஒங்கப்பா பேரு. அந்த உத்திராபதி வம்சத்துல நீங்களே கிடையாது மாமா."

உத்திராபதி லேமினேட் அட்டையைத் துண்டால் துடைத்தார். "மூலவருக்கு எதுக்குய்யா டிக்கெட்டு" என்றார்.

அந்த மூலவரை உலகுக்கு அறிவிக்கத் தகுந்த ஆள் சிதம்பரத்தில் இருந்தார். பெயர் வைத்திலிங்கம். பெயராய்வுப் பேரவை என்ற அமைப்பின் நிறுவனர், தலைவர், செயலாளர், பொருளாளர். உறுப்பினர் மட்டும் வெளியாட்கள். ஒருவருடைய பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்போது அந்தப் பெயர் குறைந்தது இரண்டாயிரம் வருஷம் முன்னால் போயிருக்கும். உத்திராபதியும் விருத்தாம்பாளும் அவர் வீட்டுக்குப் போனார்கள். விருத்தாம்பாள், உத்திராபதியின் மனைவி. சிதம்பரம் போனால் கோயிலுக்கும் ஒரு எட்டு போகலாம் என்று கூட வந்தாள்.

வைத்திலிங்கம் லேமினேட் அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கினார். கண்ணை மூடினார். திறந்தார்.

"உத்திரம் என்பது வடக்கு. பதி என்பது தலைவன். வடபுலத் தலைவன். பிரான்ஸிலும் இக்குடி வடபகுதியில்தான் தோன்றியிருக்கிறது என்று இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஐயா, இது தற்செயலா?"

தற்செயல்தான் என்று சொல்லும் நிலையில் உத்திராபதி இல்லை. பிள்ளை இல்லாத அவர் அம்மா திருச்செங்காட்டங்குடியில் வேண்டிக்கொண்டு பெற்று, அந்தச் சாமியின் பெயரை வைத்தாள் என்பதை அவர் சொல்லவே இல்லை. விருத்தாம்பாளுக்குத் தெரியும். ஆனால் அவள் எப்படிச் சொல்வாள்? சொல்வதென்றால் அந்தப் பெயரையல்லவா சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து விருத்தாம்பாள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், ஓட்டுச்சாவடியில் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். யாரும் இல்லாவிட்டால் "திருச்செங்காட்டங்குடி சாமி பேரு" என்பாள். நம் பக்கத்தில் அது போதும், எழுதிக்கொள்வார்கள். அந்தப் பெயர் மகன் பெயரோடும் பேரப்பிள்ளைகள் பெயரோடும் ஒட்டிக்கொண்ட பிறகு, பிரான்ஸுக்குப் பார்சல் அனுப்ப முகவரி சொல்லக்கூட அவளால் முடியாமல் போனது.

உத்திராபதிக்கு இதைப் பற்றி ஒரு கதை உண்டு. எங்கே போனாலும் சொல்வார். வைத்திலிங்கத்திடமும் சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்ன பையனப் பாக்கப் போயிருந்தோங்க. லியோன் ரயில்வே ஸ்டேஷன்ல இவ தொலைஞ்சிப்புட்டா. பாஸ்போர்ட் ரெண்டும் எங்கிட்ட. இவ கையில ஒரு முறுக்குப் பையி மட்டுந்தான். நாங்க ஒரு கவுன்டர்ல போயி மதாம் உத்திராபதியக் காணம்னு சொல்றோம். இவ இன்னொரு பக்கம் போலீஸ்காரன்கிட்ட விருத்தாம்பாள்னு சொல்லிட்டு உக்காந்திருக்கா. அவன் அந்தப் பேரத் தேடுறான், இவன் இந்தப் பேரத் தேடுறான். அப்புறம் யாழ்ப்பாணத்துக்காரப் பையன் ஒருத்தனக் கூட்டியாந்து, அம்மா ஒங்க அவர் பேரென்னன்னு கேக்குறான். இவ என்ன சொன்னா தெரியுங்களா? திருச்செங்காட்டங்குடி சாமி பேருன்னா."

வைத்திலிங்கம் சிரிக்கத் தயாரானார்.

"அந்தப் பையன் பாவம். முருகனாம்மா, சிவனாம்மான்னு ஒவ்வொரு சாமியா கேக்குறான். இவ தலைய ஆட்டுறா. சாயந்தரம் வரைக்கும் ஓடுச்சு. பேரச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம். நாங்க போயிப் பாக்குறப்ப குளுருல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு, முறுக்குப் பையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு..."

இருவரும் சிரித்தார்கள். விருத்தாம்பாளும் புன்னகைத்தாள். இந்தக் கதையில் எந்த இடத்தில் புன்னகைக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சிதம்பரத்தில் பாராட்டு விழா என்று முடிவாயிற்று. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டப வாடகை குறைவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜ்கமல் போன் செய்தான்.

"அப்பா, ஒரு விஷயம். குடும்பப்பேர மாத்துறேன்."

"யாரோட குடும்பப்பேர?"

"நம்மளுதுதான். இங்க சட்டம் ஒண்ணு வந்திருக்கு. அப்பா பேருக்குப் பதிலா அம்மா பேர எடுத்துக்கலாம். முனிசிபாலிட்டியில எழுதிக் குடுத்துட்டேன். அம்மா பேருன்னா எம் பொறப்புச் சான்றிதழ்ல இருக்கற பேரு, வக்கீலக் கேட்டுத்தான் செஞ்சேன்."

உத்திராபதி போனைக் காதிலிருந்து எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"எம் பேருல என்ன கொறடா?"

"ஒரு கொறையும் இல்லப்பா."

"நீளமா இருக்கா? வெள்ளக்காரனுக்கு வாயில நொழைய மாட்டேங்குதா?"

"விருத்தாம்பாள் மட்டும் சின்னதாப்பா?"

நீளம்தான் பிரச்சினை என்று அவன் சொல்லியிருந்தால் சுருக்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார். பதி என்று மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

"முடிஞ்சிபோச்சா?"

"இன்னும் இல்ல. ஒரு மாசம் யோசிக்கச் சொல்லி டைம் குடுப்பாங்க. அப்புறம் நேர்ல போயி, ஆமா மாத்திக்கிறேன்னு கையெழுத்துப் போடணும். புள்ளைங்களுக்குத் தானா மாறிடும். அருளும் அதையே வச்சிக்குவா."

"அப்ப நாலு பேரும் போயிடுவீங்க."

"எங்கப்பா போயிடுவோம்? இங்கதான இருப்போம்."

ஒரு மாசம் என்ற சொல்லை உத்திராபதி பிடித்துக்கொண்டார். அரசு ஊழியத்தில் ஒரு மாசம் பெரிய காலம். அதற்குள் கோப்பு காணாமல் போகலாம், அதிகாரி மாற்றலாகலாம், சட்டமே ரத்தாகலாம். மறுநாள் காலை நூருல் அமீன் கடைக்குப் போனார்.

"மச்சான், இத நிறுத்தணும். அந்த ஊரு முனிசிபாலிட்டிக்கு நான் ஒரு ஆட்சேபணை போட்டா?"

நூருல் அமீன் இரண்டு இடத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். ஒன்று பாண்டிச்சேரி, ஒன்று பாரிஸில் இருக்கும் அவர் மச்சினன் சுஹைப். முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயசு வந்த ஆளு, அவன் பேரு, அவன் இஷ்டம். அப்பன்கிட்ட கேக்கணும்னு சட்டத்துல இல்லியாம் மாமா."

"பேரு என்னுது."

"பேரு ஒங்களுதுதான். அது அவன்மேல இருக்கறது அவனுது."

உத்திராபதி ஒத்துக்கொள்ளவில்லை. அன்று திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் என்பது அவர் நினைவுக்கு வந்தது. வாழ்நாள் பூராவும் மனு வாங்கியவர், தானே ஒரு மனு எழுதினார். 'பொருள்: பிரான்ஸ் நாட்டில் குடும்பப்பெயர் நீக்கம் செய்யப்படுவதைத் தடுத்து நிறுத்தக் கோருதல்.' வரிசையில் முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் வந்தவர்களுக்கு நடுவில் நின்றார். மனுவை வாங்கிய பெண் அதிகாரி பொறுமையானவர். முழுக்கப் படித்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"இது எந்த வட்டம் சார்?"

"லியோன்."

"நம்ம மாவட்டத்துக்குள்ள வராதே சார்" என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் உண்மையானது. அதுதான் உத்திராபதியை உட்கார்ந்த இடத்தில் இன்னும் சிறிதாக்கியது. கோபித்துத் துரத்தியிருந்தால் ஒரு மேல்முறையீடாவது செய்திருப்பார்.

வீட்டுக்கு வந்தவுடன் மனைவியைப் பிடித்துக்கொண்டார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ சொன்னா கேப்பான். வேணாம்னு சொல்லு."

"சொன்னேங்க."

"எப்ப?"

"எங்கிட்டதான் மொதல்ல சொன்னான். வேணாண்டா, அவுங்க மனசு கஷ்டப்படும்னேன்."

"அழுத்திச் சொன்னியா?"

விருத்தாம்பாள் ஒரு காம்பிலிருந்து இலைகளை உருவினாள். இன்னொரு காம்பை எடுத்தாள்.

"அழுத்திச் சொல்லல" என்றாள்.

தினமும் அவனுக்குப் போன் போட்டார். சில நாள் எடுத்தான், சில நாள் கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். சொத்தில் கைவைக்க முடியாது என்றார். அந்தச் சொத்து மஞ்சக்குப்பத்தில் மழைத் தண்ணீர் நிற்கும் ஒரு மனை. அவன் சரி என்றான். நெஞ்சு வலிக்கிறது என்றார். அவன் உடனே நூருல் அமீனுக்குப் போன் போட்டு டாக்டரிடம் அழைத்துப்போகச் சொன்னான். டாக்டர் வெறும் கேஸ் டிரபிள் என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஒருநாள் உத்திராபதி குரலை இறக்கிக் கேட்டார்.

"ஏண்டா, நான் ஒனக்கு என்ன பண்ணேன்? அத மட்டும் சொல்லு."

மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. ஏதோ கதவு சாத்தப்பட்டது.

"அம்மா எம் பேர முழுசா ஒருநாளும் சொன்னதில்லப்பா. புள்ளைங்க பேரையும் சொன்னதில்ல. சொல்ல முடியாது. அன்னிக்கு ஸ்டேஷன்ல எந்நேரம் குளுருல உக்காந்திருந்தாங்க, ஒங்களுக்கே தெரியும். ஸ்கூல்லேருந்து நிலவனக் கூட்டியாறச் சொன்னாலும், யாரு புள்ளன்னு கேட்டா அம்மாவால சொல்ல முடியாது. அம்மா மாற மாட்டாங்க. பேரு மாறலாம்ல."

"அது அவளே வச்சிக்கிட்ட வழக்கம். நான் சொல்லாதன்னு சொன்னனா?"

"சொல்லுன்னும் சொன்னதில்லியேப்பா. அந்தக் கதைய நீங்க இன்னும் சிரிச்சிக்கிட்டே எல்லார்கிட்டயும் சொல்றீங்க."

"அது தமாஷுக்குச் சொல்றதுடா."

"தெரியும்ப்பா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் உத்திராபதிக்கும் கோபம் வந்திருக்கும், பேச ஏதாவது கிடைத்திருக்கும். அவன், வரும் வியாழக்கிழமை மத்தியானம் கையெழுத்து என்றான். பிரான்ஸில் மத்தியானம் என்றால் சிதம்பரத்தில் சாயங்காலம்.

விழாவை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தார். வைத்திலிங்கத்துக்குப் போன் போட்டார். "ஐயா, ஒரு சின்னச் சிக்கல்" என்று ஆரம்பிப்பதற்குள், பதாகை அச்சாகிவிட்டது என்றார் அவர். கேசரிக்கு ரவை வாங்கியாகிவிட்டது என்றார். பேராசிரியர்கள் வருகிறார்கள் என்றார். உத்திராபதி சிக்கலை விழுங்கிவிட்டார். என்னவென்று சொல்வது? என் பெயர் வியாழக்கிழமையோடு முடிகிறது, வெள்ளிக்கிழமை வையுங்கள் என்றா?

வியாழக்கிழமை மூவரும் பஸ்ஸில் போனார்கள். நூருல் அமீன் வர மாட்டேன் என்றுதான் இருந்தார். உத்திராபதியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டினார்.

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் விழா. மேஜைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். கை கழுவும் இடத்துக்கு மேலே பதாகை. 'பிரெஞ்சுப் பெருங்குடி கண்ட உத்திராபதி' என்று எழுதி, வைத்திலிங்கம் சொந்தமாக வடிவமைத்த குலச்சின்னம் ஒன்றும் போட்டிருந்தது. கேடயத்தின் நடுவில் ஒரு சிங்கம், அதன் ஒரு பக்கம் ஈஃபில் கோபுரம், இன்னொரு பக்கம் நெற்கதிர். சிங்கம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. பேராசிரியர்கள் வரவில்லை. பேரவை உறுப்பினர்களும், சமையல்காரரின் சொந்தக்காரர்களும், மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும் இருந்தார்கள்.

உத்திராபதியை மேடையில் உட்காரவைத்தார்கள். மேடை என்பது ஜமக்காளம் விரித்த இரண்டு சாப்பாட்டு மேஜை. விருத்தாம்பாள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நூருல் அமீன்.

வைத்திலிங்கம் பேச ஆரம்பித்தார். தோற்றத்துக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். வட பிரான்ஸிலிருந்து ஒரு குடி கடல்வழியே கடலூருக்கு வந்திருக்கலாம், அல்லது கடலூரிலிருந்து வட பிரான்ஸுக்குப் போயிருக்கலாம், இரண்டுக்கும் ஆதாரம் சமமாக இருக்கிறது என்றார். அதாவது இல்லை. உத்திராபதி சால்வைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு மகனுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மணி போயிற்று, எடுக்கவில்லை. வைத்திலிங்கம் பொருளுக்கு வந்தார். உறுதியான மனம் என்றார். உத்திராபதி மறுபடி அடித்தார். கலை உள்ளம் என்றார். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பிரெஞ்சுப் பெண் குரல் சொன்னது. அல்லது வேறு ஏதோ சொன்னது, அவருக்கு மொழி தெரியாது.

"இனி, பரவல்" என்றார் வைத்திலிங்கம். "இன்று பிரான்ஸில் நான்கு பேர். நான்கே பேர். ஆனால் ஐயா, ஆலம் விதையை எண்ணியா பார்ப்பது? இந்த நான்கு, நூறாண்டில் நான்காயிரம். ஒரு நாள் அந்நாட்டின் தலைவரே ஒரு உத்திராபதியாக இருப்பார்."

கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் போன் நடுங்கியதை உத்திராபதி கையால்தான் உணர்ந்தார். குனிந்து பார்த்தார்.

'முடிஞ்சுதுப்பா. கோச்சுக்காதீங்க.'

முதல் வரிசையில் விருத்தாம்பாளும் தன் போனைக் காதில் வைத்திருந்தாள். மகன் அவளுக்குக் குரலில் அனுப்பியிருக்க வேண்டும். கேட்டு முடித்துவிட்டு, போனைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

உத்திராபதி எழுந்து வைத்திலிங்கத்தின் காதருகே போனார். "ஐயா, ஒரு சின்னத் திருத்தம்."

"திருத்தங்கள் நிறைவாக" என்று மைக்கிலேயே சொன்னார் வைத்திலிங்கம். சபை சிரித்தது. உத்திராபதி உட்கார்ந்தார்.

"இப்போது ஒரு சுவையான நிகழ்ச்சி" என்றார் வைத்திலிங்கம். "நம் அன்னையார் இன்றுவரை கணவர் பெயரைச் சொன்னதில்லை. அயல்நாட்டு ரயில் நிலையத்தில் தொலைந்துபோனபோதும் சொல்லவில்லை. அந்தக் கதையை ஐயா சொல்லி நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்று இந்த மேடையிலாவது, தம் மகனின் முழுப்பெயரை, பிரெஞ்சு முறைப்படி, குடும்பப்பெயரோடு சொல்லும்படி அன்னையாரை அன்போடு அழைக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. பேரவை உறுப்பினர் ஒருவர் மைக்கை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்கே வந்துவிட்டார். உத்திராபதி கையை நீட்டி வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். அவர் வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். நூருல் அமீன் மைக்கைத் தள்ளிப் பிடித்தார். "அவுங்கள விடுங்க சார்."

"இரு தம்பி" என்றாள் விருத்தாம்பாள்.

எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மைக்கைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

"ராஜ்கமல் விருத்தாம்பாள்" என்றாள்.

சிரிப்பு நின்றது. மைக் பிடித்தவர் போதும் என்று திரும்பப் பார்த்தார். அவள் முடிக்கவில்லை.

"பேரன் பேரு நிலவன் விருத்தாம்பாள். பேத்தி ஆதிரை விருத்தாம்பாள். மருமவ அருள்மொழி விருத்தாம்பாள்."

ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் நின்று வாத்தியாரிடம் சொல்வதுபோல இருந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வைத்திலிங்கத்துக்குத்தான் முதலில் புரிந்தது. புரியாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

"பார்த்தீர்களா" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். "கொண்டவர் பெயரைச் சொல்ல நேர்ந்த இடத்தில் தன் பெயரை இட்டு நிரப்பிவிட்டார். இதுவன்றோ பண்பாடு. இந்தப் பண்பாடு இருக்கும்வரை உத்திராபதி என்ற பெயருக்கு அழிவே இல்லை."

கூடம் அதிரக் கை தட்டினார்கள். இந்தத் தட்டு நான்காயிரத்துக்குத் தட்டியதைவிடப் பலமாக இருந்தது. சமையல்காரர் கேசரிக் கரண்டியோடு வந்து பார்த்தார். மேடையில் உத்திராபதி எழுந்து நின்றார். ஏற்புரை சொல்வார் என்று மைக்கை அவரிடம் கொடுத்தார்கள். சொல்ல ஒன்று இருந்தது. அவள் சொன்னது பண்பாடு இல்லை, தகவல். அங்கே மத்தியானம் கையெழுத்தான தகவல். நான்கு பேர் இல்லை, யாருமே இல்லை. இதைச் சொன்னால் பதாகை, சிங்கம், சால்வை எல்லாம் என்ன ஆவது?

"நன்றி" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நூருல் அமீன் முன் சீட்டில். உத்திராபதியின் மடியில் கண்ணாடி போட்ட குலச்சின்னம், நினைவுப்பரிசு. பஸ் குலுங்கும்போதெல்லாம் சிங்கம் வழுக்கியது. பஸ் பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டியது.

"அந்த ஸ்டேஷன்ல ரொம்பக் குளுருச்சா?" என்று கேட்டார் உத்திராபதி.

விருத்தாம்பாள் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதையில் இந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை.

"குளுருச்சு" என்றாள். "அதவிட, அந்தப் புள்ள ஒவ்வொரு சாமியா கேட்டுச்சி பாருங்க. இந்தச் சாமியச் சொல்லிடாதான்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஆமான்னு மட்டும் சொல்லிடலாமேன்னு. அது சொல்லவேயில்ல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று எடுத்தது. உத்திராபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எம் பேர ஒரு தடவ சொல்லேன்."

"பஸ்ஸுல எல்லாரும் இருக்காங்க."

"யாருக்கும் கேக்காம."

அவள் வாய் அசைந்தது. அவர் குனிந்தார். அவள் தலையை ஆட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வர மாட்டேங்குதுங்க" என்றாள். அதில் பிடிவாதம் இல்லை. முயன்று பார்த்த களைப்புதான் இருந்தது.

முன் சீட்டிலிருந்து நூருல் அமீன் பாதி திரும்பினார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

"மாமா, ஒரேடியா போயிட்டதா நெனைக்காதீங்க. ஒரு ஆளு பாக்கி இருக்காங்க. அக்கா பாஸ்போர்ட்ல குடும்பப்பேரு கட்டத்துல நீங்கதான் இருக்கீங்க. நான்தான் போட்டேன்."

உத்திராபதி மனைவியைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் அதப் புதுப்பிக்கணும்" என்றார் நூருல் அமீன். "மாத்தணும்னா அப்ப மாத்திக்கலாம். சொல்லுங்கக்கா."

சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை என்பது இந்த ஒரு மாதத்தில் அவருக்குப் பழகியிருந்தது. குலச்சின்னம் மறுபடி வழுக்கியது. விருத்தாம்பாள் அதை அவர் மடியிலிருந்து எடுத்து, சீட்டுக்கு அடியில் சாய்த்து, விழாமல் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."